பாங்காக், புக்கெட், சமூய், பாலி: ஜோடியாகப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்யாண மண்டபம் முடிவான மறுவாரமே பாங்காக் டிக்கெட்டும் எடுத்துவிடுகிறார்கள். அப்புறம்தான் "அண்ணா, பிளானை ஒரு தடவை பாருங்க" என்று எனக்கு அனுப்புகிறார்கள். புதுமண ஜோடிகளுக்குப் பயணத் திட்டம் போட்டுக் கொடுப்பது என் வேலை. இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் நாங்கள் எல்லோரும் செய்த அதே கோளாறுகளை இன்றைக்கும் அப்படியே பார்க்கிறேன். பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் மிச்சம் இருக்கட்டும், பவர் பேங்க்கைக் கைப்பையில் வையுங்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். பணத்தைக் கரைக்கிற தவறுகள் வேறு.

மாதம் தெரியாமல் கடற்கரை பிடிப்பது

மற்றதையெல்லாம் சிரித்துவிட்டுத் திருத்திக் கொடுத்துவிடுவேன். இது ஒன்றைப் பார்த்தால் மட்டும் இன்னும் எரிச்சல் வருகிறது.

தாய்லாந்தின் தென்பகுதி ஒடுங்கி நீண்ட நிலம். மேற்கே அந்தமான் கடல். புக்கெட், கிராபி, பீபீ தீவுகள் அந்தப் பக்கம். கிழக்கே தாய்லாந்து வளைகுடா. சமூய், பங்கான், தாவ் தீவுகள் இந்தப் பக்கம். புக்கெட்டிலிருந்து சமூய்க்கு விமானத்தில் ஏறினால் ஒரு மணி நேரம்தான். ஆனால் இரண்டு கரைக்கும் மழைக்காலம் வேறு.

நமக்கு இது புரியாத விஷயமே இல்லை. ஆனி, ஆடியில் கேரளா நனைகிறது, குற்றாலத்தில் சாரல் அடிக்கிறது, சென்னை காய்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் சென்னை மிதக்கிறது. அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் மே முதல் அக்டோபர் வரை புக்கெட், கிராபி கரையில் போய் மோதுகிறது. நடுவில் மலைகள் நிற்பதால் அந்த மாதங்களில் சமூய்ப் பக்கம் மழை குறைவு. காற்று திரும்பி வடகிழக்கிலிருந்து வீசத் தொடங்கியதும் சமூய் நனைய ஆரம்பிக்கும்; அங்கே மழை உச்சத்தில் இருப்பது நவம்பரில். சென்னையில் அடைமழை என்றால் சமூயிலும் அடைமழை என்று வைத்துக்கொள்ளுங்கள், பெரிதாகத் தப்பாது.

நம் ஆட்கள் மாட்டிக்கொள்வதற்குப் பாதிக் காரணம் பஞ்சாங்கம். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது; புரட்டாசியையும் பல வீடுகளில் தள்ளிவிடுவார்கள். வைகாசி, ஆனியில் தாலி கட்டிய ஜோடி ஜூன், ஜூலையில் புக்கெட் போகிறது. ஐப்பசி, கார்த்திகை ஜோடி நவம்பரில் சமூய் போகிறது. இரண்டும் தலைகீழ். இரண்டு ஊரையும் மாற்றிப் போட்டாலே பிழைத்தார்கள். தை, மாசி ஜோடிகள்தான் கொடுத்து வைத்தவர்கள். அந்தமான் பக்கம் கடல் அப்போது குளம் மாதிரி கிடக்கும்.

கரூர்ப் பக்கத்து ஜோடி ஒன்று. ஐப்பசி முகூர்த்தம். சமூயில் கடலைப் பார்த்த வில்லா பாதி விலைக்குக் கிடைத்தது என்று பணத்தையும் கட்டிவிட்டார்கள், திரும்பக் கிடைக்காத வகையில். நவம்பரில் ஏன் பாதி விலைக்குத் தருகிறான் என்று ஒருவரும் கேட்கவில்லை. சமூய்க்கு நேராகப் போகும் விமானம் விலை அதிகம். அதனால் கரையில் உள்ள சூராட் தானி நகரம் வரை மலிவு விமானம், அங்கிருந்து பஸ்ஸில் டோன்சாக் துறை, பிறகு படகு. போகும்போது தப்பித்தார்கள். வில்லாவின் வராந்தாவில் சாரல் அடிக்காமல் இருக்க மூன்று பக்கமும் பிளாஸ்டிக் திரை இறக்கிக் கட்டியிருந்தது. கடல் பார்க்கக் காசு கொடுத்தவர்கள் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு நூடுல்ஸ் சாப்பிட்டார்கள். கரையில் சிவப்புக் கொடி. பக்கத்துத் தீவுகளுக்குப் போகும் படகுச் சுற்றுலா ரத்து. ஊர் திரும்புகிற அன்று காலையில் படகு கவுன்ட்டரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது: அலை அதிகம், இன்று படகு இல்லை. சூராட் தானி விமானம் போச்சு. அது போனதால் பாங்காக்கிலிருந்து சென்னை வரும் டிக்கெட்டும் போச்சு. பாதி விலை வில்லா கடைசியில் முழு விலையைத் தாண்டிவிட்டது. பாவம், அந்தப் பையன் அப்போதும் "ரூம் சூப்பர்ணா" என்றுதான் சொன்னான்.

"அங்கெல்லாம் மழை ஒரு மணி நேரம் பெய்துவிட்டு விட்டுவிடுமாமே?" என்று கேட்பார்கள். சிங்கப்பூர், கோலாலம்பூர் மாதிரி ஊர்களுக்குப் பெரும்பாலும் சரி. மழை விடுகிறவரை ஒரு மாலுக்குள் இருந்துவிடலாம். கடற்கரையில் தொல்லை மழை இல்லை, கடல். ஜூலையில் புக்கெட்டில் நல்ல வெயில்கூட அடிக்கும். ஆனால் மேற்கு பார்த்த படோங், கரோன், கட்டா கரைகளில் அலை உயரம். ஆளை உள்ளே இழுத்துப்போகிற நீரோட்டம் இருக்கும். சிவப்புக் கொடி ஏறியிருந்தால் முழங்கால் தண்ணீரில்கூட இறங்காதீர்கள். வெயில் அடிக்கிறதே என்று இறங்கியவர்கள்தான் மூழ்குகிறார்கள். சிமிலான் தீவுகளை மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை மூடியே வைக்கிறார்கள். பீபீயில் இருக்கும் மாயா பே ஆகஸ்ட், செப்டம்பரில் மூடல். கிராபியின் ரெய்லேக்குச் சாலை கிடையாது. செங்குத்துப் பாறைகள் மறிப்பதால் படகில்தான் போக வேண்டும். கடல் கொந்தளிக்கிற நாளில் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு இடுப்பளவு அலையில் ஏறி இறங்க உங்கள் மனைவி ஒத்துக்கொள்வாரா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

மற்ற இடங்களுக்கும் இதே கணக்குதான். பாலிக்கு ஏப்ரல் முதல் அக்டோபர் வரை நல்லது. மலேசியாவின் கிழக்கில் உள்ள பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுகளில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை பெரும்பாலான விடுதிகளைப் பூட்டிவிடுவார்கள். அதே சமயத்தில் மேற்கே லங்காவி நன்றாக இருக்கும். வியட்நாமின் ஹோய் ஆனில் அக்டோபர், நவம்பர் வெள்ளக் காலம். தெற்கே பு குவோக் தீவுக்கு நவம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை போகலாம். இலங்கையிலும் பெந்தோட்டை, மிரிஸ்ஸ பக்கம் டிசம்பர் முதல் மார்ச் வரை, திருகோணமலை, பாசிக்குடா பக்கம் மே முதல் செப்டம்பர் வரை.

டிக்கெட் ஏற்கெனவே எடுத்தாகிவிட்டதா? தேதியை விட்டுவிடுங்கள், கடற்கரையை மாற்றுங்கள். ரூம் வாடகை கொஞ்சம் கூடுதலானாலும் ரத்து செய்யக்கூடியதாக எடுங்கள். எந்த மாதமாக இருந்தாலும் ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தின இரவு தீவில் தூங்காதீர்கள், பாங்காக்குக்கு வந்துவிடுங்கள்.

பாங்காக்கில் விமான நிலையம் இரண்டு

சுவர்ணபூமி ஒன்று, டான் முயாங் இன்னொன்று. சென்னையிலிருந்து ஒன்றில் இறங்கி, கிராபி விமானத்தை மற்றொன்றில் பிடிக்கும் திட்டம் மாதம் தவறாமல் எனக்கு வருகிறது, அதுவும் இரண்டரை மணி நேர இடைவெளியில். குடிநுழைவு வரிசை, பெட்டி வருகிற நேரம், ஊரைச் சுற்றிப் போகிற நெரிசல், மறுபடி செக்-இன். இரண்டும் தனித்தனி டிக்கெட் என்றால் முதல் விமானம் தாமதமானதற்கு இரண்டாவது கம்பெனி பொறுப்பேற்காது. ஒரே நிலையத்தில் மாறுவது மாதிரி எடுங்கள். முடியாவிட்டால் நடுவில் ஐந்து மணி நேரமாவது விடுங்கள். இரண்டுக்கும் இடையே இலவசப் பேருந்து உண்டு. அதே நாள் அடுத்த விமானத்தின் டிக்கெட்டைக் காட்டினால் ஏற்றிக்கொள்வார்கள்.

ஆறு இரவு, நாலு ஊர்

இரண்டு ஊர் போதும்.

ஸ்கூட்டர்

மோட்டார் சைக்கிளுக்கும் செல்லுகிற சர்வதேச ஓட்டுநர் அனுமதி இல்லாமல் விழுந்தால் காப்பீடு கை விரித்துவிடும். அதை ஊரிலேயே ஆர்டிஓ அலுவலகத்தில் வாங்கிவிடுங்கள். வாடகைக் கடையில் பாஸ்போர்ட்டை ஈடாகக் கொடுக்காதீர்கள்.

"ரூபாயில் எடுக்கட்டுமா?" என்று ஏடிஎம் கேட்டால்

வேண்டாம் என்று அழுத்துங்கள். உள்ளூர்ப் பணத்தில்தான்.

"அரண்மனை இன்று மூடல்"

பாங்காக் பெரிய அரண்மனைக்கு வெளியே நன்றாக உடுத்திய ஒருவர் இதைச் சொல்வார். கூடவே மலிவாகச் சுற்றிக் காட்ட ஒரு துக்-துக்கையும் நிறுத்துவார். அது நகைக்கடையில் போய் நிற்கும். அரண்மனை காலை 8.30 முதல் மாலை 3.30 வரை திறந்திருக்கும். வாசல்வரை போய் நீங்களே பாருங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம்.

பாலியில் நியெபி

பாலி மக்களின் புத்தாண்டு, அதாவது அவர்களுடைய சக ஆண்டுப் பிறப்பு. பெரும்பாலும் மார்ச்சில், யுகாதியை ஒட்டி வரும். அன்றைக்கு 24 மணி நேரம் விமான நிலையமே மூடல். தெருவிலும் கடற்கரையிலும் கால் வைக்க முடியாது, விடுதி வளாகத்துக்குள்தான் இருக்க வேண்டும். சிலருக்கு அது பிடிக்கும். ஆனால் அன்றைக்கு இறங்குவதாகவோ கிளம்புவதாகவோ திட்டம் போடாதீர்கள்.

வருகை அட்டைக்குக் காசு கட்டுவது

தாய்லாந்து 2025 மே 1 முதல் மின்னணு வருகை அட்டை கேட்கிறது. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும்கூட உண்டு. மூன்றும் இலவசம், வந்து சேருவதற்கு முந்தின மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். கூகுளில் தேடினால் முதலில் வருவது பல நேரம் காசு கேட்கிற போலித் தளம். முகவரியைப் பார்த்து அரசுத் தளத்துக்குப் போங்கள். பாலியில் ஆளுக்கு 1,50,000 ரூபியா சுற்றுலாக் கட்டணம் மட்டும் நிஜம். 2024 பிப்ரவரியிலிருந்து வாங்குகிறார்கள், கிளம்பும் முன்பே கட்டிவிடலாம்.