காட்டுப்பாதை டிரையத்லானில் தண்ணீர் குடிக்கும் இடம்

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் டிரையத்லானைச் சாலையில் பழகியவர்கள் முதன்முறை காட்டுப்பாதைப் போட்டிக்குப் போகும்போது கோட்டைவிடுவது சைக்கிள் பகுதியில் சாப்பிடுவதைத்தான். 1996-இல் ஹவாயின் மௌயி தீவில் தொடங்கிய எக்ஸ்டெர்ரா என்ற காட்டுப்பாதைப் போட்டிகளில் முழு தூரம் ஏறக்குறைய 1.5 கி.மீ. நீச்சல், 30 கி.மீ. மலை சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம். தார்ச்சாலையில் ஒரு கையால் பாட்டிலை எடுத்துவிடலாம். வேரும் கல்லுமாகக் கிடக்கும் ஒற்றையடிப் பாதையில் ஹேண்டில்பாரை விட்டால் விழ வேண்டியதுதான். என் முதல் போட்டியில் பாட்டில் நிறையத் தண்ணீரோடே சைக்கிளை நிறுத்தினேன். ஓட்டத்தில் பாதி தூரத்துக்குள் தலை கிறுகிறுத்து, மீதியை நடந்தே முடித்தேன்.

அதனால் முந்தின நாள் பாதையை ஓட்டிப் பார்க்கும்போதே, அகலமான வண்டிப்பாதையும் மெதுவான ஏற்றமும் எங்கெங்கே வருகின்றன என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள். குடிப்பதும் ஜெல் (சிறு பாக்கெட்டில் வரும், சக்தி தரும் கூழ்) சாப்பிடுவதும் அங்கேதான். குழாய் வைத்த முதுகுப்பை இருந்தால் இன்னும் நல்லது, கை ஹேண்டில்பாரிலேயே இருக்கும். ஜெல் பாக்கெட்டின் மேல்முனையை சைக்கிள் பாரில் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். பிடித்து இழுத்ததும் வாய் கிழிந்து வரும். வீட்டில் ஓரிரு முறை பழகிப் பாருங்கள். இறக்கம் தொடங்கும் முன்பே விழுங்கி முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் குலுக்கலில் புரையேறும்.

அப்புறம், காலி பாக்கெட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அது காடு.