விஎம்முக்குக் கொடுத்த கிராஃபிக்ஸ் கார்டு ஏறவில்லையா? குழுவைப் பாருங்கள்

லினக்ஸில் விஎம்களை (கணினிக்குள் ஓடும் வேர்ச்சுவல் மெஷின்களை) ஓட்டும் கேவிஎம்மில் கார்டைக் கொடுத்து விஎம்மைத் தொடங்கியதும் ‘குரூப் இஸ் நாட் வயபிள்’ என்று நின்றால், கார்டு பழுதில்லை. ஒரே ஐஓஎம்எம்யூ (சாதனங்கள் மெமரியைத் தொடுவதைக் கட்டுப்படுத்தும் ஹார்ட்வேர்) குழுவில் உள்ள சாதனங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காக்க ஹார்ட்வேரால் முடியாது. அதனால் குழு முழுவதும், சாதனத்தை விஎம்முக்குக் கொடுக்கும் விஎஃப்ஐஓ டிரைவரிடம் இருக்க வேண்டும். அநேகமாக விட்டுப்போவது ஓடியோப் பகுதிதான்: பிசிஐ முகவரி 01:00.0 படம் என்றால் 01:00.1 எச்டிஎம்ஐ ஓடியோ. இரண்டையும் சேர்த்தே கொடுங்கள். கார்டை போர்டுடன் இணைக்கும் பிசிஐ பிரிட்ஜை மட்டும் அப்படியே விடலாம்.

ஹோஸ்டின் டிஸ்க் கன்ட்ரோலரும் அதே குழுவில் கிடந்தால் கார்டை வேறு ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள். ஏசிஎஸ் ஓவர்ரைடு என்ற கெர்னல் பேட்ச் போட்டால் குழு பிரிந்ததாகக் காட்டும், ஆனால் பாதுகாப்பு பிரியாது. வாடிக்கையாளர் தரவு உள்ள மெஷினில் அது வேண்டவே வேண்டாம்.

குழுவே காட்டவில்லையா? இன்டெல் போர்டு என்றால் பயோஸில் விடி-டி (இன்டெலின் ஐஓஎம்எம்யூ) ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். விடி-எக்ஸ் (சிபியூவின் வேர்ச்சுவலைசேஷன்) மட்டும் போதாது. ஏஎம்டி போர்டில் ஐஓஎம்எம்யூ என்றே இருக்கும். இன்டெல் என்றால் கெர்னலின் பூட் வரியிலும் ஐஓஎம்எம்யூவை ஆன் செய்து ரீபூட் பண்ணுங்கள்.

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலோ வேறெங்கோ பாவித்த போர்டு வாங்குவதானால், காசு கொடுக்க முன் பயோஸைத் திறக்கச் சொல்லி விடி-டி அல்லது ஐஓஎம்எம்யூ வரி இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.