முதல் தனிப்பாடலை வெளியிடுவது எப்படி?

இசைக்குழு ஒன்றில் பாடிப் பெயர் பெற்ற பாப் பாடகர் தம் பெயரில் முதல் தனிப்பாடலை வெளியிட முனையும்போது, பெரும்பாலும் தேதியை முதலில் அறிவித்துவிட்டு மற்ற வேலைகளைப் பிறகு தொடங்குகிறார். இந்த வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். மாஸ்டரிங் எனப்படும் இறுதி ஒலிச் சீரமைப்பு முடிந்த ஒலிக்கோப்பும் உரிமைகளைப் பற்றிய எழுத்துப்பூர்வமான ஒப்புதலும் கைக்கு வரும்வரை எந்தத் தேதியையும் வெளியில் சொல்ல வேண்டாம்.

உரிமைகளில்தான் அதிகக் கவனம் தேவை. மெட்டுக்கும் வரிகளுக்கும் உரிய பதிப்புரிமை வேறு. மாஸ்டர் எனப்படும் ஒலிப்பதிவின் மீதான உரிமை வேறு. குழுவில் இருந்தபோது கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை எடுத்து, தனியாகப் பாடல் வெளியிடத் தடை உள்ளதா, குழுவின் பெயரை விளம்பரத்தில் குறிப்பிடலாமா, குழுவுக்காகப் பதிவான பாடலை எத்தனை ஆண்டுகளுக்கு மீண்டும் பாடிப் பதிவு செய்யக் கூடாது என்பவற்றை ஒரு வழக்கறிஞரோடு அமர்ந்து வரி வரியாகப் பாருங்கள். புதிய பாடலை எழுதியவர்கள், இசையமைத்தவர், தயாரிப்பாளர் ஆகியோரின் பங்குகளை நூறு விழுக்காட்டுக்குள் பிரித்து, பாடல் உருவான நாள்களிலேயே ஒரு தாளில் எழுதி அனைவரிடமும் கையெழுத்து வாங்கிவிடுவது நல்லது. பணம் வரத் தொடங்கிய பிறகு அதே தாளில் கையெழுத்து வாங்குவது எளிதன்று.

ஒலிப்பதிவைப் பொறுத்தவரை, 24 பிட் வேவ் (WAV) எனப்படும் சுருக்கப்படாத கோப்பாக மாஸ்டரைப் பெற்றுக்கொள்ளுங்கள். இணையத்தில் பாடல் கேட்கும் தளமான ஸ்பாட்டிஃபை தன் இயல்பான அமைப்பில் பாடல்களின் உரப்பை ஏறத்தாழ −14 எல்.யு.எஃப்.எஸ். (உரப்பை அளக்கும் அலகு) அளவுக்குச் சமன்செய்துவிடுவதால், பிறர் பாடலைவிட உரக்க ஒலிக்க வேண்டும் என்பதற்காக மாஸ்டரை நசுக்கிக் கெடுப்பதில் பயனில்லை. குரல் நீக்கிய வடிவத்தையும் அன்றே கேட்டு வாங்குங்கள். மேடையில் பாட அழைப்பு வரும்போது அது உடனே தேவைப்படும்.

டிஸ்ட்ரோகிட், டியூன்கோர், சிடி பேபி போன்ற விநியோகச் சேவைகள் பாடலை ஸ்பாட்டிஃபை போன்ற இசைத் தளங்களுக்கு அனுப்புகின்றன. ஆண்டுச் சந்தா வாங்கும் சேவையைத் தேர்ந்தெடுத்தால், சந்தா நின்றபின் பாடல் நீக்கப்படுமா என்பதை முதலில் விசாரியுங்கள். பதிவேற்றும்போது ஒலிப்பதிவை அடையாளம் காட்ட, எழுத்தும் எண்ணுமாகப் பன்னிரண்டு இடங்கள் கொண்ட ஐ.எஸ்.ஆர்.சி. (ISRC) குறியீடு தரப்படும், பின்னாளில் விநியோகச் சேவையை மாற்றினாலும் அதே பதிவுக்கு அதே குறியீட்டையே தர வேண்டும். ரீமிக்ஸுக்குப் புதிய குறியீடு. அட்டைப்படம் 3000 பிக்சல் சதுரமாக இருந்தால் போதும். உங்கள் பெயரிலேயே வேறொரு பாடகர் இருந்தால் பாடல் அவருடைய பக்கத்தில் போய்ச் சேர்ந்துவிடக்கூடும் என்பதால், பெயரைத் தேடிப் பார்த்துவிட்டே எழுத்துக்கூட்டலை முடிவு செய்யுங்கள்.

இப்போது தேதிக்கு வரலாம். 2015 ஜூலை 10 முதல் வெள்ளிக்கிழமையே உலகளாவிய வெளியீட்டு நாளாக இருந்துவருகிறது; அதற்கு முன் அமெரிக்காவில் செவ்வாயும் பிரிட்டனில் திங்களும் வழக்கத்தில் இருந்தன. பெரிய பாடகர்களின் வெளியீடுகளும் அன்றே குவியும் என்றாலும், புதுப்பாடல் பட்டியல்கள் அன்று புதுப்பிக்கப்படுவதால் வெள்ளியை விட்டு விலகுமாறு நான் பரிந்துரைக்க மாட்டேன். குறைந்தது நான்கு வாரம் முன்னதாகப் பாடலைப் பதிவேற்றுங்கள். ஸ்பாட்டிஃபையின் பட்டியல் ஆசிரியர்களுக்கு வெளிவராத பாடலை மட்டுமே பரிந்துரைக்க முடியும். வெளியீட்டுக்கு ஏழு நாள் முன்பாவது அதைச் செய்தால், உங்களைப் பின்தொடர்பவர்களின் ரிலீஸ் ரேடார் எனப்படும் புதுப்பாடல் பட்டியலில் அப்பாடல் இடம்பெறும்.

அதே தளத்தில் ஒருவர் முப்பது விநாடியாவது கேட்டால்தான் அது ஒரு கேட்பாகக் கணக்கில் சேரும் என்பதால், நீண்ட முன்னிசை வேண்டுமா என்பதைப் பதிவுக்கு முன்பே யோசியுங்கள். 2024 முதல், முந்தைய பன்னிரண்டு மாதங்களில் 1,000 கேட்புகளை எட்டாத பாடலுக்கு அங்கே ஒலிப்பதிவுக்கான உரிமைத்தொகை கிடைப்பதில்லை. தளங்களின் கணக்கு அறிக்கை சில வாரங்களோ மாதங்களோ கழித்தே வந்துசேரும். அது வந்ததும் கையெழுத்திட்ட பங்குத் தாளோடு ஒப்பிட்டு, உரியவர்களுக்கு உரிய தொகையை அனுப்பிவிடுங்கள்.