கஞ்சித் தெளிவில் நொதியின் வேலையைக் கண்ணால் காண்பது எப்படி

வெறும் சோற்றை விழுங்காமல் மென்றுகொண்டே இருந்தால் சற்று நேரத்தில் நாக்கில் இனிப்புத் தட்டும். அரிசியின் மாவுச்சத்து குளுக்கோஸ் மூலக்கூறுகள் வரிசையாகக் கோத்த நீண்ட சங்கிலி. உமிழ்நீரிலுள்ள அமிலேஸ் என்னும் நொதி அதை வெட்டி, மால்டோஸ் என்னும் இரட்டைச் சர்க்கரையை உண்டாக்குவதே அந்த இனிப்புக்குக் காரணம். இதே வினையை நிறமாற்றமாகவும் பார்க்க முடியும்.

அரைத் தேக்கரண்டி அரிசி மாவை ஒரு தம்ளர் நீரில் கரைத்துக் கொதிக்கவைத்து, வடிகட்டி, நன்றாக ஆறவிடுங்கள். ஒட்டும் தன்மையுள்ள அரிசி வேண்டாம். அயோடினைத் தன் சுருளுக்குள் பிடித்து நீலம் காட்டும் அமைலோஸ் என்னும் மாவுச்சத்து வகை அதில் மிகக் குறைவு என்பதால் செம்பழுப்பு நிறமே வரும். காயத்துக்குத் தடவும் போவிடோன் அயோடின் கரைசலை வெளிறிய தேநீர் நிறம் வரும்வரை நீர்விட்டுக் கலக்கி, வெள்ளைத் தட்டில் வரிசையாகச் சொட்டுகள் வைத்துக்கொள்ளுங்கள். வாயைக் கொப்பளித்தபின் உங்கள் உமிழ்நீரைச் சேகரித்து, அதில் பாதியைச் சிறு கிண்ணத்தில் சில நிமிடம் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். பிறர் உமிழ்நீரைக் கையாள வேண்டாம்.

மூன்று சோதனைக் குழாய்களில் சம அளவு கஞ்சித் தெளிவை ஊற்றி, முதலாவதில் வெறும் நீரையும், இரண்டாவதில் உமிழ்நீரையும், மூன்றாவதில் கொதித்த உமிழ்நீரையும் ஒரே அளவில் சேர்த்து, மூன்றையும் 37 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் நிறுத்துங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு துளியைத் தட்டிலுள்ள அயோடின் சொட்டில் விடுங்கள். இரண்டாவது குழாயின் துளிகள் கருநீலம், ஊதா, செம்பழுப்பு என்று இறங்கி, கடைசியில் அயோடினின் மஞ்சளிலேயே நின்றுவிடும். அமிலேஸ் மரபணுவின் நகல்கள் ஆளுக்கு ஆள் எண்ணிக்கையில் வேறுபடுவதால், இதற்கு ஆகும் நேரமும் எல்லோருக்கும் ஒன்றாக இராது. துளி சூடாக இருந்தாலும் நீலம் மறையும். ஆகவே சூடான கஞ்சியில் கண்டதை நொதியின் வேலை என்று எழுதிவிடாதீர்கள்.

முதல் குழாய் நீலமாகவே இருப்பது, நீர் சேர்த்ததால் மட்டும் மாவுச்சத்து உடைவதில்லை என்பதைக் காட்டும். ஆனால் மூன்றாவதே என் பார்வையில் இச்சோதனையின் உயிர். அமிலேஸ் ஒரு புரதம். அமினோ அமிலச் சங்கிலி குறிப்பிட்ட விதமாக மடிவதால் உண்டாகும் பள்ளத்தில் மாவுச்சத்து பொருந்தினால்தான் வெட்டு நடக்கும். கொதிக்கும்போது சங்கிலி அறுந்துபோவதில்லை, மடிப்பு மட்டுமே குலைகிறது. அதற்கே நொதி முழுதும் செயலிழந்து, துளிகள் நீலமாகவே வருகின்றன.

குளிரின் விளைவு வேறு. கஞ்சித் தெளிவையும் புதிய உமிழ்நீரையும் தனித்தனியே பனிக்கட்டி நீரில் குளிரவைத்த பிறகு கலந்து, அதே குளிரில் வைத்திருங்கள். நீலம் நெடுநேரம் நீடிக்கும். பிறகு அந்தக் குழாயையும் கொதித்த உமிழ்நீர்க் குழாயையும் சேர்த்து வெந்நீரில் நிறுத்திச் சோதித்தால், குளிர்ந்திருந்தது மெல்ல மஞ்சளுக்கு வந்துவிடும். கொதித்தது எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் நீலத்திலேயே நிற்கும்.