மழைக்காலத்தில் புல்தரைக்கு வரும் பூஞ்சை நோய்: கண்டுபிடிப்பதும் சரிசெய்வதும்

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து பனி இறங்கத் தொடங்கியதும் நம் ஊர் வீட்டுப் புல்தரைகளில் திட்டுத் திட்டாகப் பழுப்பு விழும். தண்ணீர் பத்தவில்லை என்று சாயங்காலத்தில் குழாயைத் திறந்துவிடுவார்கள். சத்து இல்லை என்று யூரியாவும் தூவுவார்கள். பூஞ்சைக்கு வேண்டியதும் அந்த இரண்டும்தான். கொரியன் புல், பஃபலோ, பெர்முடா என எது போட்டிருந்தாலும் கீழே உள்ள வரிசையில் போங்கள். மருந்து ஐந்தாவது படியில்தான் வருகிறது.

படி 1: பூஞ்சைதானா என்று பாருங்கள்

வெயில் ஏறுவதற்கு முன், விடியற்காலையில் போய்ப் பாருங்கள். புல் நுனிகளில் ஒட்டடை போல மெல்லிய வெள்ளை இழை படர்ந்திருந்தால் அநேகமாகப் பூஞ்சைதான். எட்டு மணிக்கு மேல் போனால் அது காய்ந்து மறைந்திருக்கும்.

அடுத்து, திட்டின் ஓரத்தில் உட்காருங்கள். நடுவில் இருப்பது செத்த புல், அதில் ஒன்றும் தெரியாது. நோய் இப்போது நடப்பது ஓரத்தில். அங்கே ஓர் இலையை மெல்ல இழுங்கள். அடி பழுத்து, மண்ணை ஒட்டிய இடத்தில் பழுப்பாக அழுகி, சுலபமாகக் கையோடு வந்தால் அது ரைசோக்டோனியா. நெல்லில் இலையுறை கருகலை உண்டாக்கும் அதே பூஞ்சை. இலையின் குறுக்கே வெளுத்த புள்ளி, அதைச் சுற்றிச் செம்பழுப்புக் கோடு, திட்டும் ரூபாய் நாணய அளவில் என்றால் அது டாலர் ஸ்பாட் என்ற பூஞ்சை நோய். விரலில் ஆரஞ்சுப் பொடி ஒட்டினால் துரு நோய்.

புல்லைப் பிடித்துத் தூக்கினால் வேரறுந்து சுருட்டி எடுக்க வருகிறதா? அது வேர்ப்புழு, பூஞ்சைக்கொல்லி வீண். நடுவில் கருகி, சுற்றிலும் கரும்பச்சை வளையம் இருந்தால் நாயைச் சந்தேகப்படுங்கள்!

படி 2: தண்ணீரையும் யூரியாவையும் நிறுத்துங்கள்

இலை பல மணி நேரம் தொடர்ந்து ஈரமாக இருந்தால்தான் பூஞ்சை உள்ளே நுழையும். சாயங்காலம் விடும் தண்ணீர் இரவு முழுக்க இலையில் நிற்கிறது. விடியற்காலையில் மட்டும், அதுவும் மண் காய்ந்திருந்தால் மட்டும், நன்றாக நனைய விடுங்கள். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. அது தரும் இளசான தளிர்தான் முதலில் அழுகும். புல் தேறும்வரை அது வேண்டாம். பனி அதிகமாக இருக்கும் நாட்களில் நீளப்பிடித் துடைப்பத்தால் புல்லின் மேல் லேசாகத் தட்டிவிட்டால் நீர் உதிர்ந்து இலை சீக்கிரம் காயும். நல்ல பக்கத்தில் தொடங்கி, நோயுள்ள பக்கத்தில் முடியுங்கள்.

படி 3: காய்ந்த பிறகு வெட்டுங்கள்

ஈரப் புல்லில் மெஷின் ஓட்டாதீர்கள். உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைக்க வேண்டாம். நோய்த் திட்டைக் கடைசியாக வெட்டி, அந்தப் புல்லைக் குப்பையில் போட்டு, பிளேடைக் கழுவுங்கள்.

படி 4: மண்ணுக்கு மூச்சு விடுங்கள்

தண்ணீர் தேங்கும் இடத்தில் கூரான கம்பியால் ஒரு சாணுக்கு ஒரு துளையாக 7 முதல் 10 செ.மீ. ஆழம் குத்தி, மேலே ஆற்று மணலைத் தூவிப் பெருக்கிவிடுங்கள். களிமண் தரையில் இதைச் செய்யாமல் எந்த மருந்தும் நிலைக்காது.

படி 5: மருந்து

நோய் லேசாக இருந்தால், நோய்ப் பூஞ்சையை அடக்கும் பாக்டீரியாவான சூடோமோனாஸ் போதும். லிட்டருக்கு 5 கிராம், மாலையில் தெளியுங்கள். மருந்துக்கு மட்டும் மாலை, ஏனென்றால் வெயிலில் அந்த பாக்டீரியா செத்துவிடும். கோவையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலேயே கிடைக்கும்.

திட்டு வேகமாகப் பரவினால் கார்பென்டாசிம் 1 கிராம் அல்லது புரோபிகோனசோல் 1 மி.லி., ஒரு லிட்டர் தண்ணீருக்கு. லேபிளில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். 1000 சதுர அடிக்குச் சுமார் 10 லிட்டர் கரைசல் தேவை. திட்டைச் சுற்றி ஓரடி அகலத்துக்கு நல்ல புல்லிலும் படட்டும். 15 நாள் கழித்து மறுபடி தேவைப்பட்டால் மற்ற மருந்துக்கு மாறுங்கள். ஒன்றையே அடித்தால் பூஞ்சை பழகிவிடும். நோய்ப் பூஞ்சையை அடக்கும் டிரைக்கோடெர்மாவை இந்தப் பூஞ்சைக்கொல்லிகளோடு கலக்கவே கூடாது. அதுவும் ஒரு பூஞ்சைதான், செத்துப்போகும்.

கையுறை, முகக்கவசம் போட்டுக்கொண்டு, காற்று இல்லாத நேரத்தில் அடியுங்கள். டப்பாவில் சாய்சதுர முத்திரை இருக்கும். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்ற வரிசையில் நச்சு குறையும். சிவப்பையும் மஞ்சளையும் வீட்டுக்கே கொண்டுவராதீர்கள். நன்றாகக் காயும்வரை குழந்தைகளும் நாயும் புல்லில் இறங்க வேண்டாம்.

படி 6: ஓரத்தைக் கவனியுங்கள்

பழுத்த இலை திரும்பப் பச்சையாகாது. மருந்து வேலை செய்யவில்லை என்று மறுநாளே இன்னொரு முறை அடிப்பவர்கள் இங்கேதான் பணத்தை விடுகிறார்கள். திட்டின் ஓரத்தில் நாலு குச்சி நட்டு வையுங்கள். ஒரு வாரத்தில் பழுப்பு குச்சியைத் தாண்டவில்லை என்றால் நோய் நின்றுவிட்டது. சுற்றியுள்ள ஓடுதண்டுகள் மெல்ல உள்ளே வரும். மாதம் கழிந்தும் மொட்டையாக இருக்கும் இடத்தில், நல்ல புல்லை உள்ளங்கை அளவு மண்ணோடு பெயர்த்து நட்டுவிடுங்கள்.