பழைய மாருதி 800 ஒரு பக்கமாக இழுக்கிறதா? அலைன்மென்ட்டில் தொடங்காதீர்கள்

வண்டி இழுத்தால் பலரும் நேராக அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும்) கடைக்குத்தான் போகிறார்கள். வயதான வண்டிக்கு அதுதான் முதல் தவறு. இணைப்பில் உள்ள ரப்பர் புஷ் தேய்ந்து, சக்கரத்தை அடியில் பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் ஆடிக்கொண்டிருந்தால், அங்கே வைத்துக் கொடுத்த அளவு அடுத்த பள்ளத்திலேயே மாறிவிடும்.

எப்போது இழுக்கிறது என்று கவனியுங்கள். நம் சாலைகள் மழைநீர் வடிய இடது ஓரமாகச் சரிந்திருக்கும். அங்கே லேசாக இடப்பக்கம் ஒதுங்குவது கோளாறே இல்லை. சமதளத்திலும் ஓயாமல் இழுத்தால், காற்றைச் சரிபார்த்துவிட்டு முன்டயர்களை இடம் வலம் மாற்றிப் போடுங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் கோளாறு டயரில்தான். பட்டன் (தரையைப் பிடிக்கும் ரப்பர் மேடு) நிறைய இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள்; டயரின் வயதை அறிய, பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத் தயாரிப்பு எண்ணைப் பாருங்கள். 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-வது வாரம்.

ஓட்டி நிறுத்தியதும் ஒரு பக்க ரிம் மட்டும் சூடாக இருக்கிறதா? அந்தப் பக்க பிரேக் விடாமல் பிடித்திருக்கலாம். உடனே காலிப்பர் (பிஸ்டனால் பிரேக் பேடை அழுத்தும் பாகம்) வாங்க ஓடாதீர்கள். ஜாக்கி போட்டுச் சக்கரத்தைச் சுற்றுங்கள். இறுகி நின்று, பிரேக் ஆயிலை வெளியே விடும் பிளீடர் நிப்பிளைத் திறந்ததும் விடுபட்டால், பிஸ்டன் சிக்கவில்லை. அழுத்தம் திரும்ப வழியில்லாமல் நிற்கிறது. பழைய பிரேக் ஹோஸ் (பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாய்) வெளியே பளிச்சென்று இருந்தாலும் உள்ளே ஊதி அடைத்திருக்கும்.

பிரேக் மிதிக்கும்போது மட்டும் ஒரு பக்கம் வெட்டினால் ஸ்டெபிலைசர் பாரை (திருப்பத்தில் வண்டி அதிகம் சாயாமல் தடுக்கும் கம்பி) பாருங்கள். பலரும் தவறவிடும் இடம் இது. 800-இல் லோயர் ஆர்ம் முன்பின் நகராமல் பிடித்திருப்பதும் அந்தக் கம்பிதான். அதன் புஷ் நசுங்கினால், பிரேக் மிதித்ததும் சக்கரம் பின்னால் நகரும். ஒருவர் பிரேக்கை மிதித்திருக்க, இன்னொருவர் வண்டியை முன்னும் பின்னும் தள்ளட்டும். சக்கரம் மட்கார்டுக்குள் இடம்பெயர்வது கண்ணுக்கே தெரியும்.

புஷ் மாற்றும்போதும் ஒரு தவறு நடக்கிறது. வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே லோயர் ஆர்ம் போல்ட்டை முழுக்க இறுக்கிவிடுகிறார்கள். வண்டி கீழே இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரமே கிழிந்துவிடும். எடை முழுவதும் சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் கடைசி இறுக்கு.

“பழைய வண்டி சார், அப்படித்தான் இருக்கும்” என்று சொன்னால் ஏற்காதீர்கள். புஷ்ஷும் டயரும் நன்றாக இருந்தால் 800 இன்றும் நூல் பிடித்தாற்போல் ஓடும்.

இவ்வளவும் முடித்துவிட்டு அலைன்மென்ட்டுக்குப் போங்கள், அளவு அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள். முன்பக்கம் டோ (சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும்தான் திருத்த முடியும்; கேம்பர் (சக்கரம் நேராக நிற்காமல் சாய்ந்திருக்கும் அளவு) ஒரு பக்கம் மட்டும் விலகியிருந்தால் ஸ்ட்ரட்டோ (ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்) லோயர் ஆர்மோ வளைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.