ஞாயிறு ஏற்காடு, திங்கள் பழைய கதை

சேலத்தில் யாராவது "மூச்சு விடக்கூட நேரமில்லப்பா" என்று புலம்பினால், எதிரில் இருப்பவர் சொல்லும் முதல் மருந்து "ஒருநாள் ஏற்காடு போயிட்டு வா" என்பதுதான். மருந்து கெட்டதல்ல. சுமார் முப்பது கிலோமீட்டர் தூரத்தில் ஏறக்குறைய ஐயாயிரம் அடி உயரம். கீழே வெயில் கொளுத்தும்போது மேலே சிலுசிலுவென்று காற்று. நாம் அதைச் சாப்பிடும் விதம்தான் கோளாறு.

சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்குப் புளிசாதத்துக்கு வறுத்துக்கொண்டிருப்பார்கள். காலை ஆறு மணிக்குப் பிள்ளைகளை எழுப்பும் கூச்சல். அடிவாரம் தாண்டி இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதி ஏறுவதற்குள் சின்னவனுக்கு வாந்தி. முன்சீட்டிலிருந்து ஒரு கை பிளாஸ்டிக் கவரையும் எலுமிச்சம்பழத்தையும் பின்னால் நீட்டும். மேலே போனால் ஏரிக்கரையில் வண்டி நிறுத்த இடமில்லை, படகுக்கு வரிசை. அண்ணா பூங்கா, லேடீஸ் சீட், பகோடா பாயின்ட் எல்லாம் முடித்த பிறகும் "இவ்வளவு தூரம் வந்துட்டு சேர்வராயன் கோயிலுக்குப் போகாம திரும்பறதா?" மே மாதக் கோடை விழா சமயம் என்றால் கேட்கவே வேண்டாம். இறங்கும்போது முன்வண்டியின் சிவப்பு விளக்கைப் பார்த்தபடியே வீடு வந்து சேர வேண்டியதுதான். திங்கள் காலை துவைக்க ஒரு மூட்டைத் துணி காத்திருக்கும்.

இது ஓய்வு அல்ல, இன்னொரு வேலை நாள். நிதானமாகப் போய் வந்தாலும்கூட அதன் பலன் நீண்ட நாள் தாங்காது. நெதர்லாந்தில் விடுமுறைக்குப் போய் வந்த ஊழியர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில், விடுமுறையில் கிடைத்த தெம்பு வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்துக்குள்ளேயே பெரும்பாலும் கரைந்துபோனது தெரியவந்தது. ஆக, ஆறு நாள் நெருக்கடியை ஏழாம் நாள் சுற்றுலா ஈடுகட்டும் என்று நம்புவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. அந்த ஆறு நாட்களில்தான் கை வைக்க வேண்டும்.

எடுக்க வேண்டிய இடத்தில் சேர்ப்பது

நெருக்கடி அதிகமானதும் நாம் என்ன செய்கிறோம்? காலை ஐந்தரைக்கு யோகா வகுப்பில் சேர்கிறோம். போனில் தியானச் செயலி ஒன்றை ஏற்றுகிறோம். புது டைரி வாங்குகிறோம். ஏற்கெனவே நிரம்பி வழியும் நாளில் இன்னும் மூன்று கடமைகள். பத்து நாளில் மூன்றும் நின்றுபோகும், கூடவே "என்னால இதுகூட முடியல" என்ற குற்ற உணர்வு சேர்ந்துகொள்ளும்.

இந்தப் பழக்கம் நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல் நேச்சர் இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். லெகோ கட்டைகளால் ஆன சின்ன மண்டபம். அதன் கூரை ஒரு மூலையில் ஒற்றைக் கட்டையின் மேல் ஆடிக்கொண்டு நிற்கும். அதை உறுதியாக்க வேண்டும். புதிதாக வைக்கும் ஒவ்வொரு கட்டைக்கும் பரிசுப் பணத்தில் பத்து சென்ட் பிடிப்பார்கள். அந்த ஒற்றைக் கட்டையை உருவிவிட்டால் கூரை தானாகக் கீழே உட்கார்ந்துவிடும், செலவும் கிடையாது. ஆனாலும் பாதிப் பேருக்கு மேல் கட்டைகளைச் சேர்க்கவே செய்தார்கள். "கட்டையை எடுப்பதற்குக் காசு இல்லை" என்று நினைவூட்டிய பிறகுதான் எடுப்பவர்கள் தொகை கூடியது. எடுக்கலாம் என்ற யோசனை யாராவது சொல்லும்வரை நம்மில் பலருக்குத் தோன்றுவதே இல்லை.

அதனால் புதிதாக எதையும் தொடங்கும் முன் ஒரு வாரம் மட்டும், இனி எதைச் செய்யாமல் விடலாம் என்று எழுதிப் பாருங்கள். பெரிதாக ஒன்றும் வராது. பையனின் இரண்டாவது டியூஷன், யாரும் வாய் திறக்காத வாராந்திரக் கூட்டம், மூன்று சீட்டில் ஒன்று (அது முடிந்ததும் புதிதாகச் சேராமல் இருப்பது), ஞாயிறு தவறாமல் மூன்று வகைக் குழம்பு. இதில் இரண்டு கழன்றாலே வாரத்தில் ஒரு சாயங்காலம் கைக்கு வந்துவிடும்.

சும்மா இருக்கும் நேரத்தை வீண் என்று நினைப்பது

இது கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டிய விஷயம்.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு சின்னக் கொலுசுப் பட்டறையை எடுத்துக்கொள்வோம். கம்பி இழுப்பது ஒரு கை, பற்றவைப்பது ஒரு கை, கடைசியில் மெருகு போட ஒரே ஆள். ஒரு ஜோடிக்குச் சராசரி பத்து நிமிடம் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். வேலை வரும் நேரம் முன்பின்னாக இருக்கும், எடுக்கும் நேரமும் அப்படித்தான். மெருகு போடுபவரின் நேரத்தில் பாதி மட்டும் நிரம்பியிருந்தால், வரும் ஜோடி சராசரியாகப் பத்து நிமிடம் காத்திருக்கும். நேரம் 80 சதவீதம் நிரம்பினால் காத்திருப்பு 40 நிமிடம். 90 சதவீதம் என்றால் 90 நிமிடம். 95 சதவீதம் ஆகிவிட்டால் 190 நிமிடம். கடைசி ஐந்து சதவீத வேலையைக் கூடுதலாக வாங்கியதற்கு எல்லாருடைய உருப்படியும் மூன்று மணி நேரத்துக்கு மேல் நிற்கிறது. நடுவில் கரண்ட் போனால் அன்றைக்குக் கொடுத்த வாக்கெல்லாம் காற்றில்.

டென்மார்க்கில் தொலைபேசி நிறுவனமொன்றில் வேலை பார்த்த ஏர்லாங் என்ற கணித அறிஞர் 1909-இல் தொடங்கிவைத்த வரிசைக் கணக்கு வழி வந்தது இது. தொலைபேசி இணைப்புக்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டிவரும் என்று பார்ப்பதற்காக அவர் இறங்கினார். நம் நாளுக்கும் அதே கணக்குதான். மணிக்கு மணி நிரப்பப்பட்ட நாளில் பள்ளியிலிருந்து "பையனுக்குக் காய்ச்சல், வந்து கூட்டிட்டுப் போங்க" என்று ஒரு போன் வந்தால் போதும், வியாழக்கிழமை வரை எல்லாம் தள்ளிப்போகும். கையில் பத்து மணி நேரம் இருந்தால் எட்டு மணி நேர வேலைக்கு மட்டும் வாக்குக் கொடுங்கள். மிச்சம் இரண்டு மணி நேரம் எப்படியும் ஏதோ ஒன்றுக்குப் போகும். போகவில்லை என்றால் சந்தோஷம், திண்ணையில் உட்காருங்கள்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கூலிக்கு வேலை செய்பவருக்கு, எடைக்கோ உருப்படிக்கோ காசு வாங்குபவருக்கு, இந்த இரண்டு மணி நேரம் என்பது நேரடியாகப் பணம். அவரிடம் போய் "ஓய்வெடுங்க" என்பது வெறும் பேச்சு. அங்கே முதலில் குறைய வேண்டியது வாரத் தவணை. பல இடங்களில் வாங்கிய சிறு கடன்களில் வட்டி அதிகமுள்ளதை முதலில் அடைக்க வழி பார்ப்பதுதான் அவருக்கு மூச்சு.

"தலையைக் காட்டிட்டு வந்துடலாம்"

சேலத்தில் பாதி ஞாயிறுகளைத் தின்பது இந்த ஒரு வாசகம்தான். ஆத்தூரில் காதுகுத்து. விழா என்னவோ ஒரு மணி நேரம்தான். புடவை மடிப்புக் கலையாமல் கிளம்ப ஒரு மணி நேரம், ஐம்பது கிலோமீட்டர் போக ஒன்றரை மணி நேரம், மொய் எழுத வரிசை, பந்தியில் இடம் பிடிக்க நிற்பது, "இப்பத்தான் வந்தே, அதுக்குள்ள கிளம்பறியா?" என்று சித்தி கையைப் பிடிப்பது, திரும்பி வருவது. தலையைக் காட்டப் போய் முழுநாளும் போச்சு. ஒரு காரியத்துக்கு ஆகும் நேரத்தை மனிதர்கள் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று கானமன், ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1979-இலேயே எழுதினார்கள். ஆத்தூர் காதுகுத்துக்குப் போகாமலே கண்டுபிடித்துவிட்டார்கள்.

உறவை முறித்துக்கொள்ளச் சொல்லவில்லை. போக வேண்டிய விசேஷம் எது, மொய்யை மட்டும் அனுப்பினால் போதும் என்பது எது என்று வீட்டில் இருவரும் மாத ஆரம்பத்திலேயே உட்கார்ந்து பிரித்துவிடுங்கள். அழைப்பு வந்த நிமிடமே "கண்டிப்பா வந்துடறோம்" என்று சொல்வதுதான் சிக்கல். "மாமா, அன்னைக்கு என்ன இருக்குன்னு பார்த்துட்டு ராத்திரி கூப்பிடறேனுங்க" என்றால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. வர முடியாது என்றால் அதையும் அன்று இரவே சொல்லிவிடுவது மரியாதை. கடைசி நாள் வரை இழுத்தால்தான் மனஸ்தாபம்.

தூக்கத்தில் கை வைப்பது

நேரம் போதவில்லை என்றதும் நாம் கடன் கேட்கும் முதல் ஆள் தூக்கம். அது வாய் திறந்து மறுப்பதில்லை. வயது வந்தவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். ஐந்து மணி நேரத் தூக்கத்தில் நகரும் நாளில் ஒரு மணி நேர வேலை இரண்டு மணி நேரம் இழுக்கும், மிச்சம் பிடித்த நேரம் அங்கேயே போய்விடும்.

அப்புறம் காபி. சேர்வராயன் மலையில் காபிச் செடி வைத்து இருநூறு வருடமாகிறது. 1820-களில் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்தது. அந்த ஊர்க்காரர்களிடம் காபியை விடச் சொல்ல நான் துணிய மாட்டேன். நேரத்தை மட்டும் பாருங்கள். குடித்த காபியின் கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஆறு மணி டம்ளரில் பாதி, இரவு பதினொன்றுக்கும் உள்ளே விழித்துக்கொண்டிருக்கும்.

படுத்ததும் நாளைய வேலைகள் மண்டைக்குள் சுற்றினால் எழுந்து ஐந்து நிமிடம் எழுதிவிடுங்கள். பேலர் பல்கலைக்கழகம் 2018-இல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வில், செய்து முடித்தவற்றை எழுதியவர்களைவிட, செய்ய வேண்டியவற்றை எழுதிவைத்தவர்கள் ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கிப்போனார்கள். விவரமாக எழுதினால்தான் பலன்: "இபி பில்" என்பதைவிட "பத்து மணிக்கு இபி பில் கட்டணும், கார்டு நம்பர் அலமாரியில்."

போனை ஓய்வு என்று எண்ணுவது

பள்ளிக் குழு, அடுக்குமாடிக் குழு, சொந்தக்காரர் குழு, ஆர்டர் குழு. ஒரு வேலையைப் பாதியில் விட்டு இன்னொன்றுக்குத் தாவினால் மனதின் ஒரு பகுதி பழையதிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும் என்று 2009-லேயே ஆய்வில் காட்டிவிட்டார்கள். டீ குடிக்கும் பத்து நிமிடத்தில் நான்கு குழுக்களைப் பார்த்தவருக்கு அந்தப் பத்து நிமிடமும் வேலைதான். ஆர்டர் குழு தவிர மற்றதை எல்லாம் சத்தமில்லாமல் ஆக்கிவிட்டு மதியம் ஒருமுறை, இரவு ஒருமுறை பார்த்தால் குடி முழுகாது.

"ஆடி முடியட்டும், தீபாவளி போகட்டும்"

கோட்டை மாரியம்மன் திருவிழா முடிந்ததும் சரியாகிவிடும் என்போம். அதற்குள் தீபாவளி ஆர்டர் வந்துவிடும். தீபாவளி போனால் பொங்கல், பொங்கல் போனால் பிள்ளையின் பரீட்சை, பிறகு மாம்பழ சீசனும் கல்யாண முகூர்த்தங்களும். காலியாக வந்து நிற்கும் மாதம் எந்தக் காலண்டரிலும் இல்லை. நெருக்கடியான வாரத்திலேயே ஒரு அரை மணி நேரத்தைப் பிடித்து வைப்பதுதான் வழி.

கிடைத்த ஓய்வு யாருடையது என்று பார்க்காமல் விடுவது

பெரும்பாலான அறிவுரைகள் இதைத் தொடுவதே இல்லை. வீட்டுத் தலைவர் காலையில் மூக்கனேரிக் கரையில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டுப் புத்துணர்ச்சியோடு வருகிறார். அந்த ஒரு மணி நேரத்தில் டிபன் பாக்ஸ் நான்கு கட்டியது, மோட்டார் போட்டது, பெரியவருக்கு மாத்திரை கொடுத்தது, வேன் ஹாரனுக்கு ஓடியது எல்லாம் யார்? அவர் சம்பாதித்த ஓய்வு என்று நினைப்பது இன்னொருவருடைய தோளிலிருந்து எடுத்தது. கூடுதலாக, "கேஸ் எப்ப தீரும், பால்காரருக்கு எவ்வளவு பாக்கி, தடுப்பூசி எந்தத் தேதி" என்று நினைவில் வைத்திருக்கும் வேலை ஒன்று இருக்கிறது. அது கண்ணுக்கே தெரியாது.

"நான் ஏதாவது செய்யட்டுமா?" என்று கேட்பதும் பெரிய உதவியல்ல, என்ன செய்யணும் என்று யோசித்துச் சொல்லும் பொறுப்பு மறுபடி மனைவியிடமே போகிறது. ஒரு காரியத்தை முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரை என்றால் தீர்வதற்கு முன் கவனிப்பது, சீட்டைத் தேடுவது, வாங்கி வருவது, வேளைக்குக் கொடுப்பது வரை. முதல் மாதம் ஒருமுறை மறந்துபோவீர்கள். அப்போது அவர் குறுக்கே வந்து திரும்ப வாங்கிக்கொள்ளாமல் இருப்பதும் முக்கியம்.

கடைசியாக, எல்லாவற்றையும் நேர மேலாண்மைக் கோளாறு என்று நினைத்துவிட வேண்டாம். நெஞ்சில் அழுத்தம், படபடப்பு என்றால் முதலில் மருத்துவரிடம் காட்டி இதயத்தில் ஒன்றுமில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வாரக்கணக்கில் தூக்கம் வரவில்லை, பிடித்த எதிலும் மனம் ஒட்டவில்லை, வாழவே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் அட்டவணையை மாற்றிப் பயனில்லை. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இருபத்து நான்கு மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.